முதல் வியாபாரமும் ஒரு மடக்கு வாளும்

முப்பத்திரண்டு வயதில் ஓய்வு பெற்றவள் நான். ஓய்வூதியம் இல்லை, பிரியாவிடை வைபவம் இல்லை. மகள் பிறக்க இரண்டு மாதம் இருக்கும்போது, கடை மேசை லாச்சியில் கிடந்த தண்ணீர்ப் போத்தலையும் மேசைக்குக் கீழே வைத்திருந்த ஒரு சோடி பழைய செருப்பையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மாத்தளை நகரத்தில் ஒரு ஹாட்வெயார் கடையின் கருவிப் பகுதியில் எட்டு வருஷம் நின்று செய்த வேலை அத்தோடு முடிந்தது. மகளுக்கு இப்போது ஒன்றரை வயது.

போன கிழமை அவளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது நிரோஷாவிடமிருந்து போனில் ஒரு குரல் செய்தி வந்தது. கடையில் நான் நின்ற இடத்தில் இப்போது நிற்பவள் அவள்.

"அக்கா, பெட்டரியில ஓடுற குட்டி வாள் வந்திருக்கு. வாறவங்க எல்லாம் அதத்தான் கேக்குறாங்க. கை வாளெல்லாம் பின்னுக்கு இருக்கிற ராக்கையில போட்டாச்சு. இப்ப ஒருத்தர் வந்து, பலா மரத்துக் கிளை அறுக்க கை வாள்தான் வேணும்னு நிக்கிறாரு. எதக்கா குடுக்கிறது? சீக்கிரம் சொல்லுங்க, ஆளு மொறைக்கிறாரு."

மூன்று வரியில் பதில் சொன்னேன். சொன்ன பிறகு என் குரலை நானே மூன்று தரம் கேட்டேன். நேரான வாளா, வளைந்த வாளா என்று கேட்கச் சொன்னேனா? எங்கே நின்று அறுக்கப் போகிறார் என்று கேட்கச் சொன்னேனா? சொல்லியிருந்தேன். ஆனாலும் மனம் ஆறவில்லை. மூன்று வரியில் சொல்லிவிடக்கூடிய விஷயமாக அது எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். நிரோஷாவும் வாசிக்கட்டும், அவளைப்போலப் புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களும் வாசிக்கட்டும்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு அரசாங்க நியமனம் வரும் வரும் என்று காத்திருந்த காலத்தில், மூன்று மாதத்துக்கு என்று நினைத்துத்தான் அந்தக் கடைக்குப் போனேன். முதல் மாதம் ஆணியும் திருகாணியும். இரண்டாம் மாதம் பூட்டும் கீலும். மூன்றாம் மாதம் வாள், கத்தி, மண்வெட்டி. நியமனம் வரவில்லை. வாள் பகுதியிலேயே நின்றுவிட்டேன்.

அந்தப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் நஸீர் நானா; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் நானா என்போம். நாற்பது வயதைத் தாண்டிய, எப்போதும் அவசரத்தில் இருக்கிற மனிதர். கற்றுக்கொடுக்கிற பழக்கம் அவரிடம் இல்லை. நாம் பிழை விட்டால் கடை முழுக்கக் கேட்கும்படி சொல்லிக் காட்டுவார், அவ்வளவுதான். ஆனால் அவர் வாள் விற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். விலை சொல்லி ஆரம்பிக்கவே மாட்டார். வாளைப் பிடிப் பக்கமாகத் திருப்பி வாங்க வந்தவர் கையில் கொடுத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார். பெருவிரலால் பல்லைத் தடவிப் பார்க்கிறவருக்கு ஒரு வாள். ஒரு கண்ணை மூடி, அலகு நேராக இருக்கிறதா என்று நீளப் பார்க்கிறவருக்கு வேறு வாள். முதலாவது ஆள் புதியவர், இரண்டாவது ஆள் வேலை தெரிந்தவர். அதற்குப் பிறகு மூன்று கேள்வி கேட்பார்.

"என்ன மரம்? எவ்வளவு தடிப்பு? எங்க நின்டு அறுக்கப் போறீங்க?"

மரத்தைக் கேட்பது பச்சையா காய்ந்ததா என்று தெரிந்துகொள்ள. பச்சை மரத்துக்குப் பெரிய பல் வேண்டும், இல்லாவிட்டால் ஈரத் தூள் பல்லுக்கு நடுவே அடைத்துக்கொள்ளும். காய்ந்ததற்குச் சின்னப் பல். பலா என்றால் பால் ஒட்டும், துடைக்கக் கொஞ்சம் மண்ணெண்ணெய் வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். தடிப்பைக் கேட்பது நீளத்துக்காக. கிளையின் தடிப்பைப்போல இரண்டு மடங்காவது அலகு இருந்தால்தான் இழுக்க இடம் கிடைக்கும். எங்கே நிற்பது என்பதுதான் பெரிய கேள்வி. நிலத்தில் நின்று, நெஞ்சுயரத்துக்குக் கீழே அறுப்பதற்கு நேரான அலகு. தலைக்கு மேலே கையை உயர்த்தி அறுப்பதற்கு வளைந்த அலகு, அது தானாகவே மரத்தைக் கடிக்கும். ஏணியிலோ மரத்திலோ நிற்கிறவருக்கு உறையில் செருகும், மடியாத வாள். மடக்கு வாள் சட்டைப்பைக்கும் தோட்டத்தில் நடந்து திரிகிறவருக்கும்.

மேசைக்குக் கீழே அன்றன்று வெட்டிய கிளிரிசீடியாத் தடிகள் ஒரு கட்டு இருக்கும். மிளகுக் கொடி படர விடுகிற அந்த மரம்தான் எங்கள் பக்கத்தில் எங்கும் கிடைக்கும். வாங்க வந்தவர் ஒரு தடியையாவது அறுத்துப் பார்க்காமல் நானா பில் போட விடமாட்டார்.

இதெல்லாம் இப்போது வரிசையாக எழுத வருகிறது. அப்போது அப்படி இல்லை. நான் சேர்ந்த நான்காவது மாதம், கொக்கோத் தோட்டம் வைத்திருந்த ஒருவர் கிளை வெட்ட வாள் கேட்டார். நான் தச்சு வேலைக்கான நல்ல நீளமான வாளைக் கொடுத்து அனுப்பினேன். தச்சு வாள் தள்ளும்போது அறுக்கும். கிளை வாளின் பல் பிடியைப் பார்த்துச் சாய்ந்திருக்கும், அது இழுக்கும்போதுதான் அறுக்கும். மூன்றாம் நாள் அவர் வாளோடு வந்தார். வில் மாதிரி வளைந்திருந்தது.

"மிஸ், இத வச்சு மரம் வெட்ட முடியல. மீன் பிடிக்கலாமான்னு பாருங்க."

கடை முழுக்கச் சிரித்தது. நானா சிரிக்கவில்லை. "புள்ள, தள்ளுறதா இழுக்குறதா என்டு நீ கேட்டியா?" என்றார். கேட்கவில்லை. அன்றிரவு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு எந்த வாளை எடுத்தாலும் பல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று விரல் நகத்தால் தொட்டுப் பார்க்காமல் கொடுத்ததில்லை.

இன்னொரு தரம் பிழை என்னுடையது இல்லை, அல்லது முழுக்க என்னுடையது இல்லை. ரிவர்ஸ்டன் பக்கம் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நிழல் மரம் வெட்டும் வேலை செய்கிறவர், நான் விற்ற புது வாளையும் தன் அரத்தையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"அரம் வழுக்குது மிஸ். பல்லுல ஏறவே இல்ல. என்ன சாமான் இது?"

"புது வாளுக்கு ஏங்க அரம் போட்டீங்க?"

"புது வாளுக்கு அரம் போடாம யாரு மரத்துல வைப்பா?" என்று அவர் என்னைப் பார்த்த பார்வை, மாடு வாங்கிக் கயிறு வேண்டாம் என்று சொன்னவளைப் பார்ப்பது போலிருந்தது.

அவர் சொன்னது நியாயம். இங்கே வாள் வாங்குகிறவர்கள் வீட்டுக்குப் போனதும் தங்கள் கைக்கு ஏற்றபடி பல்லைத் தீட்டித்தான் முதல் மரத்தில் வைப்பார்கள். ஆனால் இப்போது வருகிற வாள்களில் பாதி, பல்லின் நுனியை நெருப்பில் காய்ச்சி இறுக்கியவை. நுனி நீலம் பாய்ந்திருக்கும். நீண்ட நாள் கூர் நிற்கும், ஆனால் அரம் ஏறாது. கூர் போனால் அலகை மாற்ற வேண்டியதுதான். அவருக்கு வேறு வாள் எடுத்துக் கொடுத்தோம். அன்றிலிருந்து நானாவின் மூன்று கேள்வியோடு நான் நான்காவதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன்: "அரம் போடுவீங்களா?"

"நீ கேள்வி கேட்டே ஆளை அனுப்பிடுவ," என்பார் நானா. ஆனால் ஒரு மாதத்தில் அவரும் கேட்க ஆரம்பித்தார்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். நான் வேலையை விடுவதற்குச் சில மாதங்களுக்கு முன் நடந்தது. மகள் வயிற்றில், ஐந்து மாதம் எனக்கு.

அன்று நானா சரக்கு எடுக்கக் கண்டிக்குப் போயிருந்தார். கடை திறந்து சாமிப் படத்துக்கு ஊதுபத்தி காட்டிக்கூட முடியவில்லை, தியாகு அண்ணன் வந்தார். எங்கள் தெருமுனையில் தையற்கடை வைத்திருப்பவர். மாத்தளையில் பாதிப் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டையும் அவர் தைத்ததுதான். பல்லேபொலயில் வீடு.

"மிஸ், நம்ம வீட்டு பலாக் கிளை ஒண்ணு கூரைத் தகரத்துல சாஞ்சு நிக்குது. மழைக்கு முன்ன எடுக்கணும். நாளைக்கி போயா லீவு, கடையும் பூட்டு. நாளைக்கே அறுத்துடலாம்னு பாக்குறேன்."

கேள்விகளைக் கேட்டேன். பச்சைப் பலா. தடிப்பு அவருடைய முன்கையளவு. ஏணியில் நின்று அறுக்கப் போகிறார். ஆகவே உறையில் செருகும் வாள்தான் கொடுக்க வேண்டும். அது கையிருப்பில் இல்லை. அதை எடுக்கத்தான் நானா கண்டிக்குப் போயிருந்தார். மடக்கு வாளும் முடிந்திருந்தது. கொக்கியில் காட்சிக்குத் தொங்கிய ஒன்று மட்டும் இருந்தது.

"பின்னேரம் வாங்கண்ணே, புதுசு வந்துடும்" என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் திறந்தேன். ஆனால் அவர் அன்றைய முதல் ஆள். எங்கள் கடைத்தெருவில் எந்தக் கடையிலும் முதல் ஆளை வெறுங்கையோடு அனுப்பமாட்டார்கள். முதல் வியாபாரம் தட்டிப்போனால் நாள் முழுக்கத் தட்டிப்போகும் என்பது பேச்சு. அதை நான் நம்புகிறேனா என்று கேட்டால் தெரியாது. நம்பாமல் இருக்கவும் பயம். கொக்கியிலிருந்து வாளை எடுத்து, தூசியைத் துடைத்து, விரித்துக் காட்டினேன். அவர் கிளிரிசீடியாத் தடி ஒன்றை அறுத்துப் பார்த்தார்.

"வெண்ணெய் மாதிரி போகுது மிஸ்" என்று வாங்கிக்கொண்டு போனார்.

பின்னேரம் நானா வந்ததும் சரக்கு இறக்கும் வேலையில் எல்லாம் மறந்துபோயிற்று.

மறுநாள் போயா, பௌர்ணமி விடுமுறை. காலையில் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். கணவர் வாசலில் முச்சக்கர வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். வண்டியின் கதவு மாதிரி இருக்கும் மழைத்திரையை அவர் இழுத்துக் கொளுவியபோது "டக்" என்று ஒரு சத்தம் கேட்டது. என் கை அரிசிக்குள் அப்படியே நின்றது.

மடக்கு வாளை முழுக்க விரித்தால் பூட்டு விழுகிற சத்தம் கேட்க வேண்டும். அப்படிப் பூட்டு விழுந்தால்தான் அலகு திரும்ப மடியாது. நேற்று நான் விரித்தபோது அந்தச் சத்தம் கேட்டதா?

கொக்கியில் தொங்கிய வாளை ஒரு வருஷமாக வந்தவர் போனவர் எல்லாரும் விரித்து விரித்து மடக்கியிருந்தார்கள். சும்மா நிற்கிறவர்கள் கூட. பூட்டு தேய்ந்திருந்தால்? அறுக்கும்போது இழுப்பில் ஒன்றும் தெரியாது, அலகு விரிந்தபடியே நிற்கும். ஈரப் பலாவில் அலகு இறுகி, அவர் உதறித் தள்ளுகிற அந்த ஒரு நொடியில் அது மடியும். மடிந்து விழுகிற இடத்தில் அவருடைய வலது கை விரல்கள் இருக்கும். கத்தரிக்கோல் பிடிக்கிற விரல்கள்.

கணவரிடம் சொன்னேன்.

"முந்தாநாள் கேஸ் பூட்டினேனான்னு பாதி வழியில இருந்து திரும்பி வந்த," என்றார். "அதுக்கு முன்ன மாசம் இஸ்திரிப் பெட்டி. ரெண்டும் சரியாத்தானே இருந்துச்சு?"

"இருந்துச்சு."

"அப்ப இதுவும் சரியாத்தான் இருக்கும். தடி அறுத்துப் பாத்தாருன்னு நீயே சொல்ற."

அவர் சொன்னதில் பிழையில்லை. என்னை எனக்கே தெரியும். நான் பயப்படுகிற நூறு விஷயத்தில் நூறும் நடப்பதில்லை. ஆனாலும் அந்தச் சத்தத்தை எவ்வளவு நினைத்துப் பார்த்தும் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. தெருவில் பஸ் ஹோர்ன் அடித்ததும், ஊதுபத்தி வாசமும், தியாகு அண்ணனின் கழுத்தில் கிடந்த அளவு நாடாவும் நினைவில் இருந்தன. சத்தம் மட்டும் இல்லை.

அவருடைய தையற்கடைப் பலகையில் ஒரு போன் நம்பர் இருப்பது நினைவுக்கு வந்து, வண்டியில் போய்ப் பார்த்து எடுத்தோம். மணி அடித்தது. பூட்டிய கடைக்குள்ளேதான் அடித்தது. நானாவுக்கு எடுத்தேன். பின்னால் ஒரே இரைச்சல், கலியாண வீட்டில் இருந்தார்.

"தொங்கினத வித்தியா?"

"வித்துட்டேன் நானா. முதல் யாவாரம். அனுப்ப மனசு வரல."

கத்துவார் என்று போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன்.

"போறதென்டா இப்பவே போ. மனிசன் ஏணியில நின்டா கூப்பிடாத, சரியா? கூப்பிட்டா திரும்பிப் பாப்பான், விழுவான். அவனாக் கையை நிப்பாட்டுற வரைக்கும் நில்லு. பொறகு, வாளைக் கிளையிலயே விட்டுட்டு எறங்கச் சொல்லு. கையில எடுக்க விடாத."

கணவருக்கு அன்று ஏற்கெனவே பேசி வைத்த பயணம் ஒன்று இருந்தது. பஸ் நிலையத்தில் என்னை இறக்கிவிட்டு, "போய்ட்டு உடனே போன் பண்ணு" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். எங்கள் வீட்டில் மிளகு படரும் மரத்தின் கிளை கழிக்க வைத்திருந்த உறை வாளைப் பத்திரிகைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டேன். வெறுங்கையோடு போய் ஒருவருடைய வாளைப் பிடுங்க முடியாதல்லவா? பல்லேபொல பஸ்ஸில் கண்டக்டர் தாளுக்கு வெளியே தெரிந்த பிடியைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார்.

"அக்கா, யார அறுக்கப் போறீங்க? மாமியாரயா?"

பின் சீட்டில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ் நின்று ஆட்களை ஏற்றும்போது, எட்டு மணிக்கு ஆரம்பித்திருந்தால் இப்போது எவ்வளவு அறுத்திருப்பார் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். போகாமலே இருந்திருக்கலாமோ, பைத்தியக்காரி என்று நினைக்கப் போகிறாரோ என்றும் இடையில் தோன்றியது. இரண்டு நினைப்பும் மாறி மாறி வந்தன.

தையற்கார அண்ணன் வீடு எது என்று கேட்டதும் சந்தியில் காட்டிவிட்டார்கள். ஒழுங்கைக்குள் திரும்பியபோதே சத்தம் கேட்டது. இழுக்கும்போது நீளமாக ஒன்று, தள்ளும்போது மெல்லிசாக ஒன்று. அறுத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் பின்பக்கம் போனேன். பலா மரத்தில் ஏணி சாத்தியிருந்தது. தியாகு அண்ணன் மேலே, இடது கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு வலது கையால் இழுத்துக்கொண்டிருந்தார். முதுகு எனக்குத் தெரிந்தது, கை தெரியவில்லை. அவருடைய மனைவி ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் வாய் திறந்தார். நான் உதட்டில் விரலை வைத்தேன். கிட்டப் போய் அவர் காதில் சொன்னேன்.

"அக்கா, அண்ணன கூப்பிடாதீங்க. அந்த வாள்ல பூட்டு சரியில்ல போல. அவரா நிப்பாட்டட்டும்."

அந்த அக்காவின் முகம் மாறியது. ஆனால் கூப்பிடவில்லை. ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். மரத்தூள் எங்கள் தலையில் விழுந்தது. இழுப்பு, தள்ளல், இழுப்பு, தள்ளல். நடுவில் ஒரு தரம் வாள் இறுகியது. அவர் உதறினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திரும்பவும் அதே சத்தம் தொடர்ந்தது. என் எட்டு வருஷ வேலையில் அவ்வளவு நீளமான நேரம் வேறு இல்லை.

கடைசியில் நிறுத்தினார். வாளைக் கிளையிலேயே விட்டுவிட்டு, தோள்பட்டையில் முகத்தைத் துடைத்தபோது என்னைக் கண்டார்.

"என்ன மிஸ், கடையவே தூக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டீங்களா?"

"அண்ணே, வாள தொடாதீங்க. அப்படியே விட்டுட்டு மெதுவா இறங்குங்க."

"இன்னும் பாதிதான் மிஸ், முடிச்சிட்டு..."

"இறங்குங்கன்னு சொல்றாங்கல்ல!" என்றார் அவர் மனைவி. அவர் இறங்கினார்.

நிலத்துக்கு வந்ததும் நான் முதலில் பார்த்தது அவர் கையைத்தான். பலாப் பால் பிசுபிசுத்தது, தூள் ஒட்டியிருந்தது, ஆனால் விரல்கள் எல்லாம் இருந்தன. விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"அட, அதுவா? பூட்டு ஆடுறத நேத்து வீட்டுக்கு வந்ததுமே பாத்துட்டேன். பை தைக்கிற வாரை அந்த மூட்டுல சுத்தி, நைலோன் நூலால நாலு வரிசை தச்சி வச்சிட்டேன். யானை இழுத்தாலும் மடியாது."

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "பாத்தீங்கன்னா கடைக்கு திருப்பிக் கொண்டாந்திருக்கலாமே அண்ணே. நேத்து நாங்க ஆறு மணி வரைக்கும் இருந்தோமே."

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"முதல் யாவாரத்த எப்படி மிஸ் திருப்பிக் குடுக்கிறது? நானும் கடை வச்சிருக்கிறவன்தானே. எனக்கு ஒருத்தன் அப்படி செஞ்சா அந்த நாள் வெளங்குமா?"

எதற்குப் பயந்து நான் அதை விற்றேனோ, அதற்கே எனக்காகப் பயந்து அவர் அதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பக்கத்து வீட்டுக்காரரை ஏறச் சொல்லி வாளை இறக்கினோம். தியாகு அண்ணனின் தையல் அழகாகத்தான் இருந்தது. நான் வாளின் நுனியை ஏணிப் படியில் ஊன்றி, பிடியை மெதுவாக அழுத்தினேன். நூல் அறுந்தது. அலகு பாதி வரை மடிந்து, விரல் இருக்க வேண்டிய இடத்துக்கு மேலே நின்றது.

வாரைப் பிரித்துப் பார்த்தோம். மூட்டுக்குப் பக்கத்தில் அலகின் விளிம்பு உரசி உரசி நான்கு வரிசை நூலில் மூன்றை ஏற்கெனவே தின்றிருந்தது. நான்காவதுதான் நான் அழுத்தியபோது போனது.

தியாகு அண்ணன் வாளைப் பார்த்தார், தன் வலது கையைப் பார்த்தார், விரல்களை ஒரு தரம் மடக்கி விரித்தார். அவர் மனைவி அந்தக் கையை எடுத்துத் தன் சேலைத் தலைப்பால் பாலைத் துடைக்க ஆரம்பித்தார். பால் சேலைக்குப் பிடித்தால் போகாது. அது அவருக்குத் தெரியும்தான். துடைத்துக்கொண்டே இருந்தார்.

பிறகு நான் கொண்டுபோன உறை வாளை வெளியே எடுத்தேன். தியாகு அண்ணன் மேலிருந்து மட்டும் அறுத்திருந்தார். அப்படியே விட்டால் கிளை பாரத்தில் முறிந்து, மரத்தின் பட்டையை அடிவரைக்கும் உரித்துக்கொண்டு வரும். ஆகவே அவரைத் திரும்ப ஏறி, அந்த வெட்டை விட்டுவிட்டு, கொஞ்சம் தள்ளிக் கீழ்ப்பக்கத்தில் கால்வாசி அறுக்கச் சொன்னேன். அதற்குப் பிறகு அந்தக் கீழ்வெட்டுக்குச் சற்று வெளியே, மேலிருந்து. கூரைக்கு எதிர்ப் பக்கம் கயிறு கட்டி, பக்கத்து வீட்டுக்காரரும் அந்த அக்காவும் பிடித்துக்கொண்டார்கள். கிளை ஒரு தரம் முனகியது, பிறகு கயிறு போன பக்கமாகச் சாய்ந்து மரவள்ளிப் பாத்தியில் விழுந்தது. தகரத்தில் ஓர் இலைகூடப் படவில்லை.

"மரவள்ளி போச்சு," என்றார் தியாகு அண்ணன் ஏணியிலிருந்தபடியே.

"போகட்டும்," என்றார் அவர் மனைவி. "எறங்கி வந்து தேத்தண்ணி குடிங்க."

அந்தத் தேத்தண்ணியை நான் குடித்து முடிக்கும்வரை அவருடைய கை குவளையைப் பிடித்திருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் உறை வாளை அவரிடமே விட்டுவிட்டு, மடக்கு வாளை எடுத்துக்கொண்டேன். "இது திருப்பிக் குடுக்கிறது இல்லண்ணே, மாத்துறது," என்று சொன்ன பிறகுதான் கொடுத்தார். வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறியவள், பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தார்கள் என்றும் தெரியாமல் தூங்கிவிட்டேன். பஸ்ஸில் நான் தூங்குவதே இல்லை, இறங்கும் இடம் போய்விடுமோ என்ற பயம். அன்று இறங்கும் இடம் போயே விட்டது. மாத்தளை பஸ் நிலையத்தில் எல்லாரும் இறங்கிய பிறகு, காலையில் மாமியாரைக் கேட்ட அதே கண்டக்டர்தான் எழுப்பினார். கணவருக்குப் போன் பண்ணவும் மறந்திருந்தேன். ஏழு தரம் எடுத்திருந்தார்.

மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே பின்கதவால் உள்ளே போய் நின்றேன். மடக்கு வாளை மேசையில் வைத்து, நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். வேலை போனாலும் போகட்டும் என்று, முதல் வியாபாரக் கதையையும் மறைக்காமல் சொன்னேன். நானா கேட்டுக்கொண்டே வாளை விரித்தார், மடக்கினார், விரித்தார். சத்தம் வரவில்லை. லாச்சியிலிருந்து சிவப்புப் பெயின்ட் டப்பாவை எடுத்து, அலகின் இரண்டு பக்கமும் அடியிலிருந்து நுனிவரை பூசினார். பிறகு கொக்கிகளில் தொங்கிய மற்றக் கருவிகளையும் ஒவ்வொன்றாக இறக்கி, அவற்றுக்கும் பூசினார். இனி யார் கேட்டாலும் அவற்றை விற்க முடியாது. அவர் கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

கடைசியில் தூரிகையைப் பழைய துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"மனிசன்ட விரல் பத்தும் ஈக்குதானே?"

"இருக்கு நானா."

"நல்லாப் பாத்தியா? எண்ணினியா?"

"ரெண்டு தரம் எண்ணினேன்."

நானா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். எட்டு வருஷத்தில் அவர் சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

"உன்ட புருஷன் பாவம்" என்று சொல்லிவிட்டுப் போய்க் கடைக் கதவைத் தூக்கினார்.